ஐம்பத்தாறாம் நாள்

ஏழாம் நாள் கட்டி சீக்கிரமே நொறுங்கியது.
"சாலைக்கு இது தாங்காது, சிமெண்டைக் கூட்டு"
என்றார் ஒப்பந்தக்காரர்.
செனாடா பதில் சொல்லவில்லை.
அடுத்த கட்டியின் மேல்
மெழுகுக் குச்சியால் தேதி எழுதித்
தொட்டிநீரில் இறக்கினாள்.

ஸெனிட்சாவில்
கசடு மேட்டிலிருந்து காற்றடித்தால்
துவைத்ததை மறுபடி துவைக்க வேண்டும்.
அதே கசடுதான்
மாவாய் அரைபட்டு
இப்போது பாதிச் சிமெண்டின் இடத்தில்.

இருபத்தெட்டு: பரவாயில்லை.
ஐம்பத்தாறில்
எந்திரத்து முள் ஏறிக்கொண்டே போனது,
போனது,
அப்புறம்தான் வெடிப்பு.

பிளந்த கட்டிக்குள் பச்சை!
போஸ்னா ஆற்றடிப் பாசிபோல, கொஞ்சம் நீலம் கலந்து.
காற்றுப் பட்டால் வெளுத்துவிடும்.

அவர் எண்ணைக் குறித்துக்கொண்டார்.
அவள் ஒரு சில்லை
ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்,
முப்பது வருடம் உலைவாயில் நின்றும்
இந்த நிறத்தைப் பார்த்திராத
மிர்சாதுக்கு.