மைக்கில் சொன்னது

"கடைசிச் சரணம் வேணாம் சிஸ்டர்,
பிரியாணி ஆறிடும்" என்றேன்.
சபை சிரித்தது.
பியூலா ஞானசெல்வம் சிரித்தாரா என்று
நான் பார்க்கவில்லை.

மூன்று ஞாயிறாகப்
பாடகர் வரிசையில் நடு நாற்காலி காலி.
"பெருமை பிடிச்சவங்க" என்றார் கமிட்டியில் ஒருவர்.
"வேற ஆளப் போடலாமே" என்றார் இன்னொருவர்.
நான் மினிட்ஸ் நோட்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன்.

போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன்.
"சரிங்க பாஸ்டர்."
வைத்துவிட்டார்.

வியாசர்பாடியில் தண்ணீர் லாரி வந்த நேரம்
அங்கியில்லாமல் போய் நின்றேன்.
இரண்டு குடம் தூக்கினேன்,
மூன்றாம் மாடிக்குள் பாதியைக் கொட்டினேன்.
படியைத் துடைத்தபடியே சொன்னார்:
"மைக்ல சொன்னீங்க.
போன்ல திரும்ப வாங்குறீங்க."

அவ்வளவுதான்.
காபி தந்தார், சர்க்கரை தூக்கல்.
மின்சார ரயில் போகும்வரை
இருவரும் பேசவில்லை.
போன பிறகும் பேசவில்லை.

நாலாம் ஞாயிறு.
அதே மைக், கீச்சென்று கத்தி அடங்கியது.
"அந்தச் சரணத்தை வெட்டினது என் தப்பு.
நீங்க சிரிச்சப்போ
எனக்குச் சந்தோஷமா இருந்துச்சே,
அது அதைவிடப் பெரிய தப்பு."

மின்விசிறிச் சத்தம்.
நடு நாற்காலி காலியாகத்தான் இருந்தது.
கடைசி பெஞ்சில் அவர் மகன்
போனைக் காதில் வைக்காமல்
என் பக்கமாக நீட்டிப் பிடித்திருந்தான்.

வாசலில் கைகுலுக்கி நிற்கையில்
பொருளாளர் தவசிங் காதோரம் வந்தார்.
"எல்லாம் சரி பாஸ்டர்,
காணிக்கை அறிவிப்ப விட்டுட்டீங்க."