ஏப்ரலில் கெடிலம்

தண்ணீர் அளவு சொல்வதற்கென்று
ஒரு நவம்பர் இரவில் தொடங்கிய குழு.
"படித்துறையில் மூன்று படி பாக்கி."
"ஒரு படி."
"படி தெரியவில்லை."
வெள்ளம் வடிந்த பிறகும்
கலைக்க யாருக்கும் மனம் வரவில்லை.
பெயரும் அப்படியே நிற்கிறது:
கெடிலம் அவசரம்.
இப்போதைய அவசரங்கள்
சிலிண்டர் வண்டி தெருவுக்குள் வந்துவிட்டதா,
முதுநகரில் இன்றைக்கு வஞ்சிரம் என்ன விலை,
காதில் வெட்டுள்ள பூனையை யாராவது பார்த்தீர்களா.

தனகோடி கீழிருந்து மேலே படிக்கிறவர்.
பதில் முதலில், கேள்வி பிறகு.
"ஐயோ, எப்போது எடுக்கிறார்கள்?" என்பதிலிருந்து ஏறி
போனவர் யாரென்று போய்ச் சேர
அவருக்குப் பதினொரு செய்தி ஆகும்.
அதுவரை தெருவில் ஒவ்வொருவராகச்
செத்துப் பிழைக்கிறார்கள்.

ஜெசிந்தா டீச்சர் விட்ட இடத்திலிருந்து,
விடைத்தாள் திருத்துவதுபோல.
நாற்பது காலை வணக்கத்துக்கும்
நாற்பது காலை வணக்கம்.

நூருல் அமீனுக்குப் படங்கள் மட்டும்.
எழுத்தை மகள் படித்துச் சொல்வாள்,
தனக்குத் தோன்றியதையும் சேர்த்து.

செண்பகவல்லி ஞாயிறு மதியம், மொத்தமாக.
புதன்கிழமைச் சண்டை
வெள்ளியன்றே ராசியாகிவிட்டது தெரியாமல்
"அதெப்படி அப்படிச் சொல்லலாம்?" என்று பாய்வாள்.
சொன்னவரும் வாங்கிக்கொண்டவரும் சேர்ந்து
அவளைச் சமாதானம் செய்வார்கள்.

அதிகைநாதன் படிப்பதே இல்லை என்று பேச்சு.
நான்கு வருடமாக ஒரு சொல் கிடையாது.
அவருக்கு நீல டிக் விழுந்து யாரும் பார்த்ததில்லை.
எடுத்துவிடலாமா என்று ஒருமுறை கேட்டார்கள்,
அதற்கும் பதில் இல்லை.

நானா?
மணி அடித்த கையோடு.
ராத்திரியாவது ஒலியை நிறுத்தேன் என்கிறார் இவர்.
அன்றைக்கு நிறுத்திவிட்டுத்தான் படுத்தோம்.
"படி தெரியவில்லை" என்பதை
மறுநாள் மொட்டை மாடியில்தான் படித்தேன்.

போன வாரம், இரவு இரண்டு பத்து.
ஏதோ சலசலத்தது.
"தண்ணீர் ஏறுகிறதா?" என்று போட்டுவிட்டேன்.
போட்ட பிறகுதான்
ஏப்ரல் என்பது நினைவுக்கு வந்தது.
பக்கத்து வீட்டு மோட்டார்,
வழிந்துகொண்டிருந்த தொட்டி.
அழித்தேன்.

'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற சாம்பல் வரியைத்
தனகோடி ஏறும்போது தாண்டியிருப்பார்,
ஜெசிந்தா டீச்சர் இறங்கும்போது.

ஆறு நாற்பதுக்கு ஒரு படம் வந்தது.
பாலத்தின் மேலிருந்து, கொஞ்சம் சாய்வாக:
மணல்,
ஓரமாக ஒரு பச்சைக் குட்டை,
நடு ஆற்றில் இரண்டு ஆடு,
படித்துறை முழுசாக, அடிப்படி வரை.
கைப்பிடிச் சுவரில் எடுத்தவரின் நிழல்.
அனுப்பியவர் அதிகைநாதன்.
ஒரு சொல் இல்லை.

நூருல் அமீன் பூ போட்டார்.
தனகோடி "யார் வீட்டு ஆடு?" என்றார்.
மதியம் வரை ஆட்டைப் பற்றியே ஓடியது.

நான் படத்தைப் பெரிதாக்கிப்
படிகளை எண்ணினேன். பதினாலு.

அழிப்பதற்குள்
ஒரு திரையின் மேல் விளிம்பில்
என் கேள்வி எட்டிப் பார்த்திருக்கிறது.
திறக்காமலே படிக்கிறார் மனிதர்.
அது சரி,
இரண்டு பத்துக்கு
அவர் வீட்டில் என்ன சலசலத்ததோ.