6.05

தாலினிலிருந்து வந்திருந்தாள் கெர்ஸ்டி,
மடிக்கணினியும் ஈரக் குடையுமாக.
"உங்க சோப்புக்கு ஒரு முகம் வேணும்" என்றாள்.
"உங்களுக்குப் பிடித்த இடம் ஒன்று சொல்லுங்கள்,
அங்கிருந்து தொடங்கலாம்."

கலங்கரை விளக்கம் என்றேன்.
யாரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள்.
இந்தத் தீவில்
பாலாடைக்கட்டி, பீர், நாய் பிஸ்கட்
எல்லாவற்றின் மேலும் அதே விளக்குதான் எரிகிறது.
காற்றாலை என்றால்
அது வோட்கா புட்டியில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அவள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.
பேனா மூடியைக் கடித்தபடி
என் பொய் தானே களைத்து உட்காரட்டும் என்று
காத்திருந்தாள்.

சரி.
மீன் ஆலைக்குப் பின்னால் ஒரு பேருந்து நிறுத்தம்.
மூன்று பக்கம் பலகை, ஒரு பக்கம் கடல்.
பதினோரு வருடம்
கிலு மீனுக்குத் தலை கிள்ளினேன் அந்த ஆலையில்.
ஐந்து இருபதுக்குச் சங்கு ஊதும்.
ஆறு ஐந்துக்குத்தான் பேருந்து.
நடுவில் கிடந்த நாற்பத்தைந்து நிமிடம்
யாருக்கும் சொந்தமில்லை.
முதலாளிக்கில்லை.
குடித்துவிட்டுக் காத்திருக்கும் ஊர்மாஸுக்கில்லை.
பிள்ளைக்கும் இல்லை.

கையை முகர்ந்தால் மீன்.
பக்கத்துப் புதரில் ஜூனிபர் காய் பறித்து
உள்ளங்கையில் வைத்து நசுக்குவேன்.
மீன் போகாது.
மீனுக்கு மேலே இன்னொன்று வந்து உட்காரும், அவ்வளவுதான்.
என் முதல் சோப்பு அது,
தண்ணீரில்லாமல், நுரையில்லாமல்.

"என்ன நிறம் அந்த நிறுத்தம்?"
பச்சை.
"என்ன பச்சை?"
படகுக்கு அடித்து மீந்த பச்சை.
பாதியை வெயில் தின்றது, மீதியை உப்பு.
பாசியும் இல்லை, பட்டாணியும் இல்லை.

அவள் நேரே அங்கே போனாள்.
நகத்தால் ஒரு செதில் பெயர்த்து
பேருந்துச் சீட்டில் மடித்துக் கொண்டுவந்தாள்.

சின்னம் என்று பெரிதாக ஒன்றுமில்லை.
செதிலின் பச்சையில் உறை.
மூன்று கோடு, நான்காவது பக்கம் திறந்து.
கீழே பொடி எழுத்தில் 6.05.
விலையா என்கிறார்கள் சிலர்.
விலை ஏழு யூரோ.
பைபிள் வசனமா என்று கேட்டார்
பின்லாந்துக்காரர் ஒருவர்.
சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

லீசி மட்டும்தான் நேராகக் கேட்டாள்:
"வீட்டுக்கு வராமல் இருந்த நேரம்தான்
உனக்குப் பிடித்த இடமா, அம்மா?"
சோப்பு அறுக்கும் கம்பி
கட்டியின் நடுவில் நின்றது.
ஆமாம் என்றேன்.
அவள் ஒன்றை எடுத்து முகர்ந்து
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்,
காசு கேட்டுப் பாரேன் என்பதுபோல.

போன வசந்தத்தில் ஊராட்சியிலிருந்து ரீஹோ வந்தார்,
கையில் என் உறை.
நிறுத்தத்துக்குப் புது வண்ணம் அடிக்க உத்தரவாம்.
"அந்தப் பழைய பச்சை இப்போது வருவதில்லை,
இதைக் காட்டித்தான் கலக்கச் சொல்லியிருக்கிறேன்."
எனக்குச் சிரிப்பு வந்தது.
வெளுத்த நிறத்தை
புதுசாக அடிக்கப் போகிறார்கள்.

பார்க்கப் போனேன்.
பெயிண்ட் நாற்றத்தில் கடலே தெரியவில்லை.
பேருந்து இப்போது ஐந்து முப்பதுக்கே வந்துவிடுகிறதாம்.
ஆலையிலிருந்து ஓடிவந்து
மூச்சு வாங்க நின்றார்கள் நான்கு பெண்கள்.
ஒருத்தி யாரையும் பார்க்காமல்
புதருக்குள் கையை விட்டாள்.

என் பையில் மாதிரிக் கட்டிகள் ஆறு இருந்தன.
எடுத்து நீட்டவில்லை.