நெற்றிக்கு நேர் மேலே

ஹார்லிங்கன் துறைமுகத்தில் ஜனவரி.
படகில் படுக்கை ஒன்றுதான், ஆள் இரண்டு.
அதிகாலை மூன்றுக்கு நான் ரொட்டிக் கடைக்குக் கிளம்பினால்
நாலரைக்கு வீப்ரென் சரக்குக் கப்பலிலிருந்து வந்து
என் சூட்டில் படுத்துக்கொள்வான்.
அவன் எழும்போது நான் கல்லாவில்.
நான் திரும்பும்போது அவன் துறையில்.

இருவருக்கும் பொது, அந்தக் கூரைக் கதவு.
அதன் அலுமினியச் சட்டத்தில்
கூடிக் கூடிக் கனத்து ஒரு சொட்டு
கண் சொருகும் நேரம் பார்த்து
டப்.

ஒழுகல் என்றுதான் நினைத்தோம்.
பசை பூசினோம், ரப்பர் மாற்றினோம்.
அவன் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறான்.
பக்கத்து மரத்தில் பென்சில் எழுத்து:
"உப்பில்லை. மழை பெய்து ஒன்பது நாளாச்சு.
யீக்க, இது நீ."

என் மூச்சுதான்.
மேலே போய், குளிர்ந்த உலோகத்தைத் தொட்டுத்
தண்ணீராகி என்மேலேயே விழுகிறது.

"நான் மட்டுமா? உன் சூப்புச் சட்டிக்கு மூடி கிடையாதா?"
"மண்ணெண்ணெய் அடுப்பை நிறுத்திவிட்டேன்.
லிட்டர் எரித்தால் லிட்டர் தண்ணீர் விடுகிறது, பாவி."
"ஈரத் துண்டை உள்ளே காயப்போடாதே. மூன்றாம் முறை."

ஒரு மதியம் பழைய உடற்பயிற்சிப் பாயைக்
கதவளவுக்கு வெட்டினேன்,
அமுக்கிச் செருகினால் நிற்கும்படி அரை விரல் கூட்டி.
சட்டம் துளியும் தெரியக் கூடாது,
குளிருக்கு ஊசிமுனை இடம் போதும்.
வெளியே கண்ணாடிக்கு ஒரு கான்வாஸ் குல்லாய்.
முன்பக்கக் காற்றோட்டியை இரண்டு விரல் திறந்துவைத்தேன்.
சூடு போகும்தான், போகட்டும்,
ஈரத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு போகும்.

பதினோரு நாள் சொட்டவில்லை.
மரத்தில் எழுதவும் ஒன்றுமில்லை.
"காய்ந்திருக்கிறது" என்று எழுதிப் பார்த்தேன்.
மறுநாள் அதன் கீழே ஒரு டிக்,
அவ்வளவுதான்.

பிறகு வாடன் கடலில் பனிக்கட்டி அடைத்தது.
கப்பலைக் கட்டிப் போட்டார்கள்.
நான் காய்ச்சல் என்று கடைக்குப் பொய் சொன்னேன்.
நவம்பருக்குப் பிறகு முதல் முறையாக
ஒரே இரவில் இருவரும்,
முழங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.

இரண்டு பேர் மூச்சு.
பாயின் ஓரத்தில் எங்கோ நான் விட்ட இடுக்கு.
இரண்டு மணிக்கு
டப்.
அவன் நெற்றியில்.

"இது யாருடையது?" என்றான் இருட்டில்.
நான் தூங்குவதுபோல் கிடந்தேன், வயிறு மட்டும் குலுங்கியது.

விடிந்ததும் ஓரத்தை ஒட்ட வேண்டும்.
இப்போதைக்குத் தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிக்கொண்டோம்.
காலில் விழுந்தால் விழட்டும்,
காலுறை இருக்கிறது.