அஞ்சறைப் பெட்டி

அல் அய்ன். ஜனவரி. மூடுபனி இன்னும் கலையவில்லை.
டாக்டர் மௌஸா முதலில் லைசென்ஸை வைத்தார்
கண்ணாடி மேசை மேல்,
பிறகு அதை.
இரண்டு அங்குலக் குழல், ஐந்து அறை.
அஞ்சறைப் பெட்டி என்றேன்.
நல்லவேளை, தமிழில்தான் வாய்க்கு வந்தது.

ஒட்டகங்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர்.
கன்று தலை மாறிக் கிடக்கிறது என்று
நடு ராத்திரி யாராவது கூப்பிட்டால்
மணல் பாதையில் தனியாக வண்டி ஓட்டிப் போகிறவர்.
போன மாதம் கூப்பிட்ட இடத்தில்
ஒட்டகம் இல்லை.
அதற்கு மேல் சொல்லவில்லை.
நான் பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இருப்பதிலேயே பலமான தோட்டா கொடு, என்றார்.
எல்லோரும் அப்படித்தான் கேட்கிறார்கள்.
அவருடைய ஆள்காட்டி விரல் பாதிதான் மடங்கும்,
எப்போதோ ஒரு ஆண் ஒட்டகம் கடித்தது.

நான் சுடக் கூடாது, வேலைத்தாளில் இருக்கிறது.
எண்ணலாம். துடைக்கலாம். தண்ணீர்க் கேன் அடுக்கலாம்.
சுடுவது ரோமெல், செபுக்காரன்.
ஆனால் சாத்தூர்ப் பக்கம் பிறந்தவனுக்கு
மருந்து என்றால் இரண்டு:
என் தம்பி இடித்தது ஒன்று,
அவனுக்குத் தடவியது ஒன்று.
அந்த உரிமையில் சொன்னேன்:
நீளக் குழலில் மருந்து உள்ளேயே எரிந்து முடியும் டாக்டர்.
இதில் பாதி வெளியே வந்துதான் எரியும்.
வெளிச்சம் உங்கள் கண்ணுக்கு,
சத்தம் உங்கள் காதுக்கு,
உதை உங்கள் மணிக்கட்டுக்கு.
எதிரில் நிற்கிறவனுக்கு மிச்சம்.

நம்பவில்லை.

துணி கொண்டு வா என்றான் ரோமெல்.
லாக்கரில் இருந்தது என் பழைய யூனிபார்ம் சட்டைதான்.
நாலாய் மடித்துக் கேன்களுக்கு முன்னால் கட்டினேன்.
பலமானது வெடித்தது,
கொஞ்ச நேரத்துக்கு ரோமெலுக்கே
சுவர் எங்கே என்று தெரியவில்லை.
அடுத்தது குழிவாய்த் தோட்டா, விலை கூடினது.
உடம்புக்குள் தாமரையாய் விரியும் என்று
அட்டையில் படம் போட்டிருக்கிறார்கள்.
மூன்று கேன் தாண்டிப் பலகையில் கிடந்ததைத்
தோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்தேன்.
விரியவில்லை.
வாய் நிறைய என் சட்டைப் பையின் நீல நூல்.

கடைசியாக மட்டத்தலை ஈயம்.
காகிதக் குறி சுடுகிறவர்கள் வாங்குவது,
பெட்டியில் படம்கூட இல்லை.
இதை டாக்டரே சுட்டார்.
அலுவலகத்தில் காகிதம் துளைக்கிற மெஷின் போல
ஐந்து ஓட்டை, சுத்தமாக,
ஒரு டீ சாசருக்குள்.
விரல் வலித்ததா என்றேன்.
விரலைப் பார்த்தார், அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி.

இதன் தலை தட்டை, அவசரத்தில் அறைக்குள் நுழையாது,
மறுபடி நிரப்ப உருண்டைத்தலை ஐந்து வைத்துக்கொள்ளுங்கள்.
ஜூலையில் காருக்குள் விடாதீர்கள்.
நான் சொல்லிக்கொண்டே போனேன்.
"மறுபடி நிரப்ப வேண்டி வந்தால்
நான் நின்றுகொண்டிருக்க மாட்டேன் நீல்மேகம்."
என் பெயரில் எப்போதும் ஒரு எழுத்தை விழுங்குவார்.

போன் அடித்தது.
யாரோ, எங்கோ, ஒரு பிரசவம்.
கேட்டுக்கொண்டே இருந்தவர் சொன்னார்:
போனை ஒட்டகத்திடம் கொண்டு போ.
அந்தப் பக்கம் ஆள் திகைத்தது இங்கே தெரிந்தது.
கொண்டு போ. நான் கேட்க வேண்டும்.

நானும் ரோமெலும் மூச்சை அடக்கி நின்றோம்.
மணலில் செருப்புச் சத்தம். ஒரு தகரக் கதவு.
பிறகு அது கத்தியது,
அடிவயிற்றிலிருந்து, நீளமாக,
கடை முழுக்கக் கேட்கும்படி.

ரிவால்வரைப் பைக்குள் போட்டு
ஓடாத குறையாகப் போனார்.
வண்டி திரும்பி மூடுபனிக்குள் மறைந்த பிறகுதான் பார்த்தேன்.
பெட்டி மேசையிலேயே இருந்தது.

எண்ணினேன்.
நாற்பத்தைந்து.