மீடியம் சைஸ்

பங்குனியில் படிவம் நிரப்பினேன்.
பெயர், பாஸ்போர்ட் எண், ரத்த வகை,
இரட்சிக்கப்பட்ட தேதி,
டி-ஷர்ட் அளவு.
இரண்டு மாத ஊழியம். பெரு நாட்டின் வடக்குக் கடலோரம்,
வெள்ளம் வந்து போன ஊர்.
பிள்ளைகளுக்குப் பாட்டு, கதை, பல் துலக்கும் பயிற்சி.
ஸ்பானிஷ் தெரிந்திருந்தால் நல்லது.

அதனால்தான் இந்தக் கத்திரி வெயிலில்
முதுநகரிலிருந்து மஞ்சக்குப்பம் போகும் டவுன் பஸ்ஸில்
காதுக்குள் ஒருத்தி பேசிக்கொண்டே வருகிறாள்.
பெரோ என்றால் ஆனால்.
நாக்கை உருட்டிப் பெறோ என்றால் நாய்.
ஆறாம் வகுப்பில் செலஸ்டின் டீச்சர்
வல்லின றகரத்துக்காகக் கிள்ளிய கிள்ளு
எத்தனை வருஷம் கழித்துப் பலிக்கிறது!
நாய், ஆனால், நாய், ஆனால் என்று
நான் முணுமுணுக்க
பக்கத்து சீட்டு நெத்திலிக்காரம்மா
கூடையைத் தன் காலுக்குள் இழுத்துக்கொண்டார்.

ஹ அங்கே ஊமையாம்.
எங்கள் தெருவிலும் அப்படித்தான்.
ஹெப்சிபா என்று என்னைக் கூப்பிட்டது
ஐயரும் பாஸ்போர்ட் ஆபீசும் மட்டும்.
அப்பாவுக்கு எப்சி, ஐஸ் பேக்டரி முழுக்க எப்சி.
விமானம் ஏறும் முன்பே
பேர் போய்ச் சேர்ந்துவிட்டது.

எல் நீன்யோ: அந்தச் சின்னப் பையன்.
கெடிலம் கரை மீறி
எங்கள் கட்டில் காலை நனைத்த வருஷம்
டிவியில் சொன்ன பேர்.
அவர்கள் ஊரையும் அவன்தான் முக்கியிருக்கிறான்.
பையன் என்று தெரியாமல்
என்னவெல்லாம் திட்டினோம்.

பதினோராம் பாடத்தில் நின்றேன்.
'நோசோத்ரோஸ்' உங்களை நேசிக்கிறோம்.
நாமா, நாங்களா?
இங்கே வாயைத் திறந்தாலே
யாரை உள்ளே விடுகிறோம், யாரை வெளியே நிறுத்துகிறோம்
என்று சொல்லியாக வேண்டும்.
ஜெபத்தில்கூட எங்கள் பிதாவே;
நம் பிதாவே என்றால் அவரையும் சேர்த்ததாகிவிடும்.
அந்தச் சொல் என்னை எதுவும் கேட்கவில்லை.
நிம்மதியாக இருந்தது.
அந்த நிம்மதிதான் உறுத்துகிறது.

நேற்று பார்சல் வந்தது.
நீல டி-ஷர்ட். முதுகில் வெள்ளை எழுத்து.
பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் அந்த வாசனை
என்னை இழுத்துக்கொண்டு போய்
தார் ஷீட் கொட்டகை முன்னால் உட்கார வைத்தது.

சுனாமிக்கு அடுத்த மே மாதம்.
எனக்கு ஆறு வயது.
நீலச் சட்டைகள் ஒரு வேன் நிறைய வந்திறங்கின.
முகமெல்லாம் மச்சம் தூவிய ஒருத்தி
நெஞ்சைத் தொட்டு, மாரென், மாரென் என்றாள்.
உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்ததைப் பார்த்து,
நாங்கள்... உங்களை...
மூன்றாவது சொல்லை வியர்வை அழித்திருந்தது.
நாங்கள் சிரித்தோம்.
அவள் அழுதாள்.
ஏனென்று தெரியாமல்
அவள் சொல்லிக்கொடுத்த பாட்டையே
இன்னும் சத்தமாகப் பாடினோம்.

எங்கள் கொட்டகையில் நாலு பேர்.
ஒன்பது டூத் பிரஷ் சேர்ந்தது.
வாய் கொப்பளிக்க லாரித் தண்ணீர்
ஒருநாள் விட்டு ஒருநாள்.
முன்பல் இல்லாத என் சிரிப்பு
எந்த ஊர் பிரிட்ஜ் கதவில்
இன்னும் ஒட்டியிருக்கிறதோ.

அடுத்த மே மாதம்
ரோட்டு முனையில் நின்றேன்.
அதற்கடுத்த மே மாதமும்.
வேன் வந்தது, வேறு வேன்.
மாரென் கெட்டவள் இல்லை.
எங்கள் பேரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி
ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தவள்.
வருவேன் என்றுகூட அவள் சொல்லவில்லை.
வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கண்ணாடி முன் போட்டுப் பார்த்தேன்.
தோளில் கொஞ்சம் தொங்குகிறது.
அம்மா, பிடித்துத் தைச்சுரலாம் என்றாள்.

படிவத்தைக் கிழிக்கவில்லை.
டிக்கெட் இருக்கிறது, போவேன்.
காதுக்குள் இருப்பவள்
வணக்கம், நன்றி, பசிக்கிறதா, கர்த்தர் நல்லவர்
எல்லாம் சொல்லித் தந்துவிட்டாள்.
எனக்கு வேண்டிய வாக்கியம்
அவளுடைய முப்பது பாடத்திலும் இல்லை.
அகராதியைப் புரட்டி
நானே கோத்துக்கொண்டேன்:
நோ வோல்வெரே.
திரும்பி வரமாட்டேன்.

மொட்டை மாடியில் நின்று
துறைமுகப் பக்கம் பார்த்துச் சொல்லிப் பழகுகிறேன்.
கடைசியில் வருவது இடையின ர.
உருட்ட வேண்டாம்.
நாக்கு மேலே ஒருமுறை
தொட்டுவிட்டு வந்தால் போதும்.