தேய்ந்த இடம்

வூஜ் என்றால் போலிஷில் படகு.
கடல் எட்டாத ஊருக்கு
யாரோ வைத்துவிட்டுப் போன பெயர்.
மருத்துவமனையின் அடித்தளத்தில்
நாளொன்றுக்கு நானூறு விரிப்பு வெளுக்கிறோம்.
வெளுப்பது இயந்திரம்.
சூட்டுருளைக்குள் தள்ளுவது நான்.
கிழிசல் பார்ப்பது வியெஸ்வாவா.

விளக்குக்கு நேரே விரித்துப் பிடித்தால்
ஆள் தெரியும்.
குதிகால்கள் உழுத இடத்தில்
இழை நைந்து வெளிச்சம் ஒழுகும்.
இடுப்பு கிடந்த இடம் சல்லடை.
இடது ஓரத்தில்
யாரோ பல்லைக் கடித்து முறுக்கிய பிடி;
எந்த ஆவிக்கும் அந்தச் சுருக்கம் மசியாது.
மேல்மாடியில்
வலி ஒன்றா, ஐந்தா, பத்தா என்று
எண்ணில் கேட்கிறார்களாம்.

கிழிசலுக்கு வெள்ளை ஒட்டு,
மெஷின் தையல், ஆறு நிமிடம். அது விதி.

பிப்ரவரியில்
மூன்றாம் மாடியில் அறுவை முடிந்து
ஒன்றரை மாத விடுப்பும் முடிந்து
வந்தவள் பையில் ஒரு சிவப்பு நூல்கண்டு.
நானூறில் எது தன் கீழே கிடந்ததென்று
அவளுக்குத் தெரியாது.
கைக்கு வந்த ஒன்றை இழுத்தாள்.
நடுவில், தேய்ந்த இடத்தைச் சுற்றி,
கைப்பிடி அளவில் காம்புத் தையல்,
கீழே மூடாமல் விட்ட கோடு.
"பேரிக்காயா?" என்றேன்.
"ஆமாம்" என்றாள்,
நூலைப் பல்லால் கடித்தபடி.

நான் உருளைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
என் நாக்கை அதற்குள் கொடுத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு
அந்தப் பிடியின் சுருக்கங்கள்மேல்
ஒவ்வொன்றாகச் சிவப்பு ஓடியது.
விரல் விரலாக, கட்டைவிரல் உள்ளே மடங்கி.
தூக்கம் வராத தோள்பட்டை ஒன்று
சங்கிலித் தையலில் புரண்டு புரண்டு படுத்தது.
ஒரு முதுகுத்தண்டுக்கு
ஓட்டுத் தையல் போதும் என்றாள்:
போட்டு, விட்டு, போட்டு, விட்டு.

மேற்பார்வையாளர் புகால்ஸ்கி
அடிக்குச்சியோடு வந்தார்.
தையல் ஒரு மில்லிமீட்டர் எழும்பினால்
படுத்தவர் தோலில் புண் வரும்,
சம்பளத்தில் பிடிப்பேன் என்றார்.
பிடிப்பது கிடக்கட்டும்,
புண் வரும் என்றது நிஜம்.
அன்றிரவு வியெஸ்வாவா
எழும்பியதை எல்லாம் பிரித்து
ஒற்றை இழையில்
மறுபடி தைத்தாள். தடவிப் பார்த்தேன்,
மூச்சுவிட்ட கண்ணாடி போல இருந்தது.

நாலாம் வார்டில், பதினொன்றாம் கட்டிலில்,
டிராம் ஓட்டிய செஸ்வாஃப்.
சர்க்கரை, வலது காலை
முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது.
இல்லாத பாதம் அரிக்கிறதென்று
ராத்திரி கத்துகிறான்.
எதைச் சொறிவது என்று கேட்டு
நர்ஸ் சிரித்ததாக
தள்ளுவண்டிப் பையன் சொல்லிப் போனான்.

வியெஸ்வாவா சிரிக்கவில்லை.
விரிப்பின் கால்பக்கம், வலப்புறம்,
ஐந்து முடிச்சுத் தையல்.
பெருவிரலுக்கு நூல் மூன்று சுற்று,
சுண்டுவிரலுக்கு ஒன்று.
மிளகு போல எழும்பி நின்றன.
"அடிக்குச்சி" என்று ஞாபகப்படுத்தினேன்.
"அந்த இடத்தில்
அழுந்துவதற்கு யார் இருக்கிறார்கள்?"

பதினொன்றாம் கட்டிலின் மடிப்பில்
அதை மேலாக வைத்தது
நான்தான்.
கேட்டால் கைதவறி என்று சொல்லலாம்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தது.
மருந்தின் மஞ்சள், சூப்பின் கறை,
பகலில் உட்கார்ந்தே இருந்ததில்
நடுவில் புதிதாக ஒரு பள்ளம்.
விளக்குக்கு நேரே பிடித்தேன்.
நாலு முடிச்சு வைத்தது வைத்தபடி.
சுண்டுவிரல் மட்டும்
நகம் நகமாகப் பட்டுப் பிரிந்து
துணி கன்றிப்போய்
ஒரு நுனி தொங்கிக்கொண்டிருந்தது.

"இங்கேதான் அரித்திருக்கிறது" என்றாள்.
கண்ணைச் சுருக்கி
ஊசிக் காதைத் தேடினாள்.
இந்த முறை
நூலை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.